நாடுகளின் பட்டியலில் பெயர் சேர்ப்பது யார்?

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்டில் சின்னதாக ஒரு புகார் வந்தது. பதிவுப் படிவத்தில் "உங்கள் நாடு" என்ற இடத்தில் தன் நாட்டின் பெயரே இல்லை என்று ஒரு பயனர் எழுதியிருந்தார். அவர் ஊர் ப்ரிஸ்டினா, நாடு கொசோவோ.

பத்து நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன். பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியல் நாங்கள் கையால் எழுதியதில்லை. ஐ.எஸ்.ஓ. 3166 என்ற தரநிலையிலிருந்து அப்படியே எடுத்தது. இந்தியாவுக்கு ஐ.என்., இலங்கைக்கு எல்.கே. என்று உலகத்தில் பாதி மென்பொருள் பயன்படுத்தும் ரெண்டெழுத்துக் குறியீடுகள் அதில்தான் இருக்கின்றன. கொசோவோ அதில் இல்லை. யாரோ மறந்துபோய் விட்டதாலும் இல்லை. எது நாடு, எது நாடில்லை என்று ஐ.எஸ்.ஓ. தானாக முடிவெடுப்பதே கிடையாது. ஐ.நா. ஆவணங்களில் என்ன பெயர் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தைவான் அதே பட்டியலில் "சீனாவின் மாகாணம்" என்ற ஒட்டோடு இருப்பதும் இதனால்தான்.

சரி, அப்படியென்றால் ஐ.நா.வில் அதை முடிவு செய்வது யார்? அன்றைக்கு இந்தக் கேள்வியோடு ஆரம்பித்த வாசிப்பு இன்னும் முடிந்தபாடில்லை. நான் சட்டம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு கோட் எழுதிக்கொண்டிருப்பவன். படித்ததில் எனக்குப் புரிந்ததை, நாலு உதாரணங்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

நாலு நிபந்தனைகள்

புத்தகத்தைத் திறந்தால் எல்லோரும் முதலில் காட்டுவது 1933-ல் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தை. ஒரு நாடு என்றால் நாலு விஷயம் இருக்க வேண்டும் என்கிறது அது. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, ஒரு அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். அதே ஒப்பந்தம் இன்னொன்றும் சொல்கிறது: மற்ற நாடுகள் அங்கீகரித்தாலும் அங்கீகரிக்காவிட்டாலும் ஒரு நாடு நாடுதான்.

என்னைப் போன்ற ஆளுக்கு இதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நாலு செக் எழுதலாம், நாலும் பாஸ் ஆனால் நாடு, இல்லையென்றால் இல்லை. ஆனால் ஒரு சிக்கல். இந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதற்கு உலகத்தில் ஒரு அலுவலகமும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தனித்தனியாக, தனக்கு வசதியான நேரத்தில், தனக்குப் பிடித்த மாதிரி ஓட்டிக்கொள்கிறது. ஐ.நா.வில் சேர வேண்டுமானால் பாதுகாப்பு சபையின் 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் வீட்டோ போடக்கூடாது, அப்புறம் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். எல்லாமே நாடுகளின் ஓட்டுதான்.

சோமாலிலாந்து: நாலிலும் பாஸ், பட்டியலில் இல்லை

ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில், ஏடன் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது சோமாலிலாந்து. முன்பு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதி. 1960 ஜூன் 26 அன்று சுதந்திரம் வாங்கியது. ஐந்தே நாளில், ஜூலை 1 அன்று, தெற்கே இத்தாலியின் கீழ் இருந்த சோமாலியாவோடு தானாகவே போய் இணைந்துகொண்டது. இனம் ஒன்று, மொழி ஒன்று, சேர்ந்தே இருப்போம் என்ற ஆசை.

அந்த ஆசை நன்றாக முடியவில்லை. 1988-ல் சியாத் பாரேயின் ராணுவம் வடக்கின் தலைநகரான ஹர்கெய்சா மேல் குண்டு போட்டது. விமானங்கள் கிளம்பியது அதே ஊரின் விமான நிலையத்திலிருந்து. நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டம். 1991-ல் பாரேயின் ஆட்சி கவிழ்ந்ததும், மே 18 அன்று, இணைப்பை ரத்து செய்துவிட்டோம் என்று சோமாலிலாந்து அறிவித்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெளியிலிருந்து பெரிய அமைதிப்படை எதுவும் வந்து உட்காரவில்லை. குலத் தலைவர்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். 1993-ல் போராமா என்ற ஊரில் மாதக்கணக்கில் பேசி, யார் ஆள்வது, எப்படி ஆள்வது என்று முடிவு செய்தார்கள். பெரியவர்கள் உட்காரும் 'குர்தி' என்ற மேலவையை அரசமைப்புக்குள்ளேயே வைத்தார்கள். சொந்தமாக நாணயம் அடித்தார்கள். 2001-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 97 சதவீதம் பேர் சுதந்திர அரசமைப்புக்கு ஆதரவு தந்தார்கள். 2003 அதிபர் தேர்தலில் முதலில் அறிவித்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 80 ஓட்டு. தோற்றவர் நீதிமன்றம் போனார், அங்கேயும் தோற்றார், துப்பாக்கியைத் தூக்கவில்லை. அடுத்த தேர்தலில், 2010-ல், அவரே ஜெயித்தார். ஆட்சியில் இருந்தவர் நாற்காலியை விட்டு இறங்கினார்.

எல்லாமே அழகு என்று சொல்லவில்லை. கிழக்குப் பகுதி மக்கள் பலருக்கு இந்த நாட்டில் இருக்கவே விருப்பம் இல்லை. 2023-ல் லாஸ் அனோட் நகரைச் சுற்றிப் பெரிய சண்டை நடந்து, சோமாலிலாந்துப் படை பின்வாங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் மாண்டிவிடியோ கணக்குப்படி பார்த்தால் இது நாடுதான்.

1991-லிருந்து 34 வருஷம், ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்கவில்லை. 2025 டிசம்பரில் இஸ்ரேல்தான் முதல் ஆளாக அங்கீகரித்தது. சோமாலியாவும் ஆப்பிரிக்க ஒன்றியமும் உடனே கண்டித்தன.

ஏன் இப்படி? ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவாக ஒரு பயம் உண்டு. காலனி ஆட்சிக்காரர்கள் கோடு போட்டு விட்டுப்போன எல்லைகள் அவை. ஒன்றைத் தொட்டால் எல்லாமே பிரிந்துவிடும். அதனால் 1964-ல் கெய்ரோவில் கூடி, சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் சோமாலிலாந்தும் அதே தீர்மானத்தைத்தான் காட்டுகிறது. எங்கள் எல்லை 1960 ஜூன் 26 அன்று இருந்த அதே எல்லைதானே என்கிறது. வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மொகதிஷு சம்மதிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது போதும்.

வங்கதேசம்: அங்கீகாரத்துக்குக் கொடுத்த விலை

சம்மதம் இல்லாமலே பிரிந்து, கடைசியில் ஐ.நா.வுக்குள்ளும் போன நாடு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. வங்கதேசப் போரைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதற்குப் பின்னால் மூன்று வருஷம் நடந்த கதையைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் உள்ளே இருந்த ஏற்பு. 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் ஜெயித்தது. மொத்தப் பாகிஸ்தானுக்கும் சேர்த்துப் பெரும்பான்மை அது. ஆட்சியைக் கொடுக்காமல் 1971 மார்ச்சில் ராணுவத்தை ஏவினார்கள். ஏப்ரல் 17 அன்று, எல்லையோரத்தில் ஒரு மாந்தோப்பில், தாஜுதீன் அகமதைப் பிரதமராகக் கொண்டு ஒரு தற்காலிக அரசு பதவியேற்றது. அதில் இருந்தவர்கள் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்கள் என்பதுதான் அந்த அரசின் பலம். மறுநாளே கல்கத்தாவில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதர் ஹுசைன் அலி, தன் அலுவலகத்திலேயே வங்கதேசக் கொடியை ஏற்றிவிட்டார்.

இவ்வளவு இருந்தும், தன் மண்ணிலிருந்தே இயங்கிய அந்த அரசை இந்தியா எட்டு மாதம் அங்கீகரிக்கவில்லை. கோடிக்கு நெருக்கமாக அகதிகள் வந்து சேர்ந்தார்கள், நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அப்பவும் இல்லை. நிலம் கைக்கு வராத ஒரு அரசை அவசரப்பட்டு அங்கீகரித்தால், அது இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிட்டதாகும். டிசம்பர் 3 அன்று வெளிப்படையான போர் தொடங்கிய பிறகு, டிசம்பர் 6 அன்றுதான் இந்தியாவும் பூட்டானும் அங்கீகரித்தன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

அத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. டாக்காவில் இந்தியப் படை நிற்கும்வரை, இது சொந்தக்காலில் நிற்கும் அரசா என்று பல நாடுகள் தயங்கின. 1972 ஜனவரியில் சோவியத் யூனியன், பிப்ரவரியில் பிரிட்டன், மார்ச்சில் இந்தியப் படை வெளியேறிய பிறகு ஏப்ரல் 4-ல் அமெரிக்கா. வரிசையாக வந்தார்கள். ஆகஸ்ட் 25 அன்று ஐ.நா. உறுப்பினர் விண்ணப்பம் பாதுகாப்பு சபைக்கு வந்தபோது சீனா வீட்டோ போட்டது. மக்கள் சீனம் ஐ.நா.வில் போட்ட முதல் வீட்டோ இதுதான். பாகிஸ்தானுக்காகப் போட்டது.

பாகிஸ்தான் ஏன் பிடிவாதம் பிடித்தது? இந்தியாவின் பிடியில் சுமார் 93,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 195 பேரைப் போர்க்குற்றவாளிகளாக விசாரிக்கப் போகிறோம் என்றது வங்கதேசம். அதற்காக 1973-ல் தனிச் சட்டமே போட்டது. பாகிஸ்தான் கையில் அங்கீகாரம் இருந்தது, வங்கதேசம் கையில் அந்த விசாரணை இருந்தது. பேரம் ஆரம்பித்தது.

1974 பிப்ரவரியில் லாகூரில் இஸ்லாமிய நாடுகளின் உச்சிமாநாடு. ஷேக் முஜிபுர் ரஹ்மானை அழைக்க வேண்டுமானால் அவர் நாட்டை நாடென்று ஒத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 22 அன்று பாகிஸ்தான் அங்கீகாரத்தை அறிவித்தது, முஜிப் லாகூர் போனார். ஏப்ரலில் டெல்லியில் மூன்று நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அந்த 195 பேரும் விசாரணை இல்லாமல் பாகிஸ்தானுக்குத் திரும்பினார்கள். செப்டம்பர் 17 அன்று வங்கதேசம் ஐ.நா. உறுப்பினரானது. இந்தத் தடவை சீனா வீட்டோ போடவில்லை. ஒரு வாரம் கழித்து முஜிப் ஐ.நா. பொதுச்சபையில் வங்காளியில் பேசினார்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 1971-ல் வீட்டு ஆட்களை இழந்த குடும்பங்களுக்கு அந்த 195 பேரின் விசாரணை எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! ஆனால் கடன், உதவி, வர்த்தகம், ஐ.நா. இருக்கை எல்லாவற்றுக்கும் ஒரு புது ஏழை நாடு வெளியே கையேந்தி நின்றது. அங்கீகாரம் என்பது தலைவர்கள் கைகுலுக்கும் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் விலைச்சீட்டில் யாருடைய நியாயம் எழுதியிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

தெற்கு சூடான்: ஐந்து நாளில் ஐ.நா.

இதற்கு நேர் எதிரான கதை தெற்கு சூடான். பல பத்தாண்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு 2005-ல் சூடான் அரசும் தெற்கின் போராளிகளும் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். ஆறு வருஷம் கழித்து வாக்கெடுப்பு நடத்தலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது, 98.83 சதவீதம் பேர் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஜூலை 9 சுதந்திரம். அதை முதலில் அங்கீகரித்தது யார் என்றால், பிரிவதற்கு ஒருநாள் முன்பே, சூடான்! ஜூலை 14 அன்று ஐ.நா.வின் 193-வது உறுப்பினர்.

பழைய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தயங்க ஒரு காரணமும் இல்லை. வங்கதேசம் மூன்று வருஷம் காத்திருந்தது, சோமாலிலாந்து 34 வருஷம் காத்திருந்து ஒரே ஒரு நாட்டைப் பெற்றது, தெற்கு சூடானுக்கு ஐந்து நாள்.

ஆனால் உள்ளே? 2013 டிசம்பரில் அதிபர் ஆட்களும் முன்னாள் துணை அதிபர் ஆட்களும் ஜூபா தெருக்களில் சுட்டுக்கொண்டார்கள். போர் வருஷக்கணக்கில் நீண்டு பல லட்சம் பேரை வீட்டை விட்டு விரட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு நடத்த வேண்டிய தேசியத் தேர்தல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. நம் ஆட்சியாளர் நம்மவர்தான் என்று மக்கள் ஏற்றுக்கொள்வது ஒரு பக்கம், நீயும் நாடுதான் என்று மற்ற நாடுகள் சொல்வது இன்னொரு பக்கம். ஒன்று இருந்தால் மற்றொன்றும் வந்துவிடும் என்பதில்லை.

கொசோவோ: கடன் வாங்கிய போன் நம்பர்

மறுபடி என் பயனருக்கு வருகிறேன். கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று செர்பியாவிடமிருந்து சுதந்திரம் அறிவித்தது. அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010-ல் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அது நாடா இல்லையா என்று சொல்லவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. அமெரிக்காவும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும் அங்கீகரித்தன. செர்பியா, ரஷ்யா, சீனா, இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின் உட்பட ஐந்து நாடுகள் அங்கீகரிக்கவில்லை. ஸ்பெயினுக்கு கட்டலோனியா ஞாபகம்.

ஆகவே கொசோவோ பாதி உள்ளே, பாதி வெளியே. உலக வங்கியில் உறுப்பினர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜூடோவில் தங்கம் வாங்கியது. யுனெஸ்கோவில் சேர 2015-ல் முயன்று மூன்று ஓட்டில் தோற்றது. எனக்குப் பிடித்த தகவல் டெலிபோன். தனிக் குறியீடு இல்லாததால் தரைவழி போனுக்கு செர்பியாவின் 381, ஒரு மொபைல் கம்பெனிக்கு மொனாக்கோவின் 377, இன்னொன்றுக்கு ஸ்லோவேனியாவின் 386. பக்கத்துத் தெருவுக்குப் போன் பண்ண மூன்று நாட்டின் நம்பர்! கடைசியில் செர்பியாவோடு பேசி ஒப்பந்தம் ஆன பிறகுதான், 2016-ல், 383 கிடைத்தது. இங்கேயும் அதே பழைய வீட்டுக்காரர் கையெழுத்து.

எனக்குப் புரிந்தது

மாண்டிவிடியோவின் நாலு நிபந்தனைகள் தப்பில்லை. ஒரு அரசு நிற்க அவை தேவை. ஆனால் அங்கீகாரம் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது பழைய நாடு ஒத்துக்கொள்கிறதா என்பதை. ஒத்துக்கொண்டால் கதவு திறந்துவிடும், உள்ளே எப்படி இருந்தாலும் சரி. ஒத்துக்கொள்ளாவிட்டால், பெரிய நாடு ஒன்று துணை நிற்க வேண்டும், அல்லது அந்தச் சம்மதத்தை வாங்க எதையாவது கொடுக்க வேண்டும். நன்றாக ஆண்டு காட்டினால் தானாக வந்துவிடும் என்று நினைத்த சோமாலிலாந்துக்கு அது வரவில்லை.

அது நியாயமா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மறுபக்கமும் யோசிக்கிறேன். சம்மதம் தேவையே இல்லை என்றால், ஆயுதம் வைத்திருக்கும் எந்தப் பக்கத்து நாடும் ஒரு பகுதியைப் பிய்த்து "புது நாடு" என்று கொடி ஏற்றிவிடலாம். அதைத் தடுப்பதும் இதே விதிதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னும் நல்ல விதி ஒன்றை யாரும் எழுதிவிடவில்லை.

அந்தப் புகாரை எப்படி முடித்தேன் என்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ரெண்டெழுத்துக் குறியீடுகளை ஐ.எஸ்.ஓ. யாருக்கும் ஒதுக்குவதில்லை. தேவைப்படுகிறவர்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆணையமும் சர்வதேச நாணய நிதியமும் கொசோவோவுக்கு எக்ஸ்.கே. என்று போடுகின்றன. நானும் அதையே போட்டேன். ப்ரிஸ்டினா பயனர் நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பினார்.

ஹர்கெய்சாவிலிருந்து இதுவரை யாரும் எழுதவில்லை. அங்கே ஒருவர் அந்தப் படிவத்தைத் திறந்தால் இன்றைக்கும் "சோமாலியா" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் நம்பரும் சோமாலியாவின் 252-தான். கொசோவோவுக்குக் காட்டிக்கொள்ள ஒரு ஐரோப்பிய ஆணையமாவது இருந்தது. ஹர்கெய்சாவிலிருந்து புகார் வந்தால் யாரைக் காட்டி அந்த வரியைச் சேர்ப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.